வலது ஓரத்துச் சிவப்புப் பொட்டு

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் ஒரு கையடக்க றேடியோ இருக்கிறது. அதன் தோலுறை உப்பு ஏறி வெளிறி, தையல் விட்டுப்போய்க் கிடக்கிறது. டயல் கண்ணாடியின் வலது ஓரத்தில், எண்கள் முடியும் இடத்துக்குச் சற்று முன்னால், கடுகளவில் ஒரு சிவப்புப் பொட்டு. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்தால், பிள்ளைகள் எதையோ அப்பிவிட்டார்கள் என்று நினைத்து நகத்தால் சுரண்டப் பார்ப்பார்கள். நான் பறித்து மேலே வைத்துவிடுவேன். அந்தப் பொட்டை வைத்தவள் நான். இருபத்திரண்டு வயதில், நெடுந்தீவுத் தபாற்கந்தோரில் முத்திரை விற்றுக்கொண்டிருந்த காலத்தில், கொழும்பிலிருந்து சிநேகிதி ஒருத்தி கொண்டுவந்து தந்த நகப்பூச்சால் வைத்தது. அந்தப் பூச்சோடு கந்தோருக்குப் போன குற்றத்துக்காக எங்கள் தபாலதிபர் ஒரு கிழமை என் முகத்தைப் பார்க்காமல் என் விரல்களைப் பார்த்தே வேலை சொன்னார்.

றேடியோ என் அண்ணையுடையது. அதைத் திருத்திக் கொடுத்தவர் மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி. மச்சாள் யாழ்ப்பாணப் பட்டினத்தில் பிறந்தவர். பௌதிகம் படித்துப் பட்டம் பெற்று எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்துக்கு நியமனம் பெற்று வந்தவர். அவருடைய தகப்பன் பட்டினத்தில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்ததால், சாவணமும் ஈயம் ஒட்டும் கோலும் பெட்டியில் சேலைகளோடு சேர்ந்தே வந்தன. கடலில் நனைந்து செத்துப்போன றேடியோவை அண்ணை ஒருநாள் பள்ளிக்கூட வாசலுக்குக் கொண்டுபோனார். மச்சாள் திருத்திக் கொடுத்தார். மறுகிழமையும் அண்ணை கொண்டுபோனார். அதற்கடுத்த கிழமையும். மூன்றாம் முறை மச்சாள் அதைத் திறந்து பார்க்காமலே, "இதிலை பழுதொண்டும் இல்லை. உமக்குத்தான் எங்கையோ கழண்டு கிடக்கு" என்றாராம். பட்டதாரி ஒருத்தி வள்ளக்காரனைக் கட்டுகிறாளே என்று ஊர் ஒரு வருடம் வாய் வலிக்கப் பேசியது. அண்ணை அதைக் கேட்டுக் கேட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

எங்கள் வள்ளக்காரர்கள் றேடியோவைப் பாட்டுக் கேட்க மட்டும் கொண்டுபோவதில்லை. கரை தெரியாத வேளையில் அவர்களுக்கு அதுதான் திசைகாட்டி. அந்தச் சின்னப் பெட்டிக்குள் படுத்திருக்கும் கறுப்புக் கோலொன்று, ஒலி வருகிற திசையை நேராக நோக்கினால் ஒன்றும் கேளாது. ஆகவே எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு நிலையத்தைப் பிடித்து, றேடியோவை மெல்ல மெல்லத் திருப்புவார்கள். சத்தம் குறைந்து குறைந்து ஓரிடத்தில் செத்துப்போகும். அந்தப் பக்கம்தான் நிலையம் இருக்கிறது. ஒலி செத்த பக்கம் கரை என்று அவர்கள் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். சின்ன வயதில் அதைக் கேட்க எனக்கு உடல் கூசும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. பெட்டியின் எந்த முனை நிலையத்தைப் பார்த்தாலும் சத்தம் சாகும். கரை முன்னால் இருக்கிறதா முதுகுக்குப் பின்னால் இருக்கிறதா என்று பெட்டி சொல்லாது. நான் இதைக் கேட்டபோது அண்ணை சிரித்தார். "முன்னுக்கும் சாகும், பின்னுக்கும் சாகும். பிறகு மனிசனுக்கு மூளை என்னத்துக்கு? காத்தைப் பார், தண்ணியின்ர நிறத்தைப் பார். போகப்போகச் சத்தம் கூடினால் ஊர், குறைஞ்சால் திரும்பு."

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு, கடற்படையை நினைத்துக் கடலில் வெளிச்சம் பிடிக்கவும் கரையில் விளக்கேற்றவும் பயந்த காலம் வந்தது. வானம் வெளித்திருந்தால் வெள்ளிகளைப் பார்த்து வந்துவிடுவார்கள். மார்கழியிலும் தையிலும் விடிகிற நேரத்தில் இறங்கும் மூடுபனிதான் சங்கடம். தூரத்து நிலையங்களை வைத்து இந்தியாவின் அக்கரை எது எங்கள் இக்கரை எது என்று கண்டுகொள்ளலாம். பாறைகளுக்கு நடுவே எங்கள் துறைக்கு வரும் வாய்க்காலைக் கண்டுபிடிக்க முடியாது. அப்படியொரு பனியில் அயல் வீட்டுத் தகப்பனும் மகனும் ஒரு பகல் முழுக்க அலைந்து, மறுநாள் காலில் கல் வெட்டிய காயங்களோடு வந்து சேர்ந்தார்கள். அன்றைக்குத்தான் மச்சாள், கரையிலேயே ஒரு சின்ன நிலையம் இருந்தால் என்ன என்று யோசித்தார்.

பழைய றேடியோக்களிலிருந்து பிடுங்கிய இரண்டு திரான்சிஸ்டர்களை எதிரெதிரே வைத்துக் கட்டினார். ஒன்று விழித்தால் மற்றது தூங்கும், மற்றது விழித்தால் இது தூங்கும். அவை மாறி மாறி விழித்துத் தூங்குகிற வேகத்தில் ஒரு அலை பிறந்தது. அதன் மேல் ஒரு முனகலை ஏற்றி, இரண்டு பனைகளுக்கிடையே இழுத்த கம்பியில் விட்டார். பேருந்துப் பற்றறி ஒன்று அதற்குச் சாப்பாடு போட்டது. விடியப்புறம் வள்ளங்கள் திரும்புகிற நேரம் ஒரு மணித்தியாலம் அது இயங்கும். டயலின் இடது ஓரத்தில், நிலையங்கள் தொடங்குவதற்கு முன்னால் கேட்கும் என்று மச்சாள் துண்டுகளில் எழுதி வள்ளக்காரர் எல்லாருக்கும் கொடுத்தார்.

ஆனால் அது இடது ஓரத்தில் மட்டும் கேட்கவில்லை. முதல் நாளே ஊரில் உள்ள றேடியோக்கள் எல்லாம் முனகின. காலைச் செபத்துக்குள் முனகல், செய்திக்குள் முனகல், திருகுகிற இடமெல்லாம் "ங்ங்ங்" என்று ஒரே தொனி, ஏறாமல் இறங்காமல் நிற்கும். விடிகிற பொழுதில் கல்வேலிகளுக்கு இடையே நடந்து போனால் வீட்டுக்கு வீடு அது கேட்கும். கூடவே வருவது போலிருக்கும். வள்ளக்காரர் தவிர ஊரில் எவருக்கும் சங்கதி தெரியாது. சொல்லக்கூடாது என்று கட்டுப்பாடு. அதனால் கடலில் போனவர்கள் பேசுகிறார்கள் என்று ஒரு கதை கிளம்பியது. தெற்குத் தெருவில் ஒரு பெண், தன்னுடைய செத்துப்போன தகப்பன் இருமுவதற்கு முன்னால் இப்படித்தான் முனகுவார் என்று சொல்லி றேடியோவுக்கு முன்னால் தேத்தண்ணி வைத்தாள். இன்னொருத்தி தீர்த்தம் தெளித்தாள். அவளுடைய றேடியோ அதோடு சரி, முனகலும் இல்லை பாட்டும் இல்லை. அதையும் மச்சாள்தான் சம்பளம் வாங்காமல் திருத்திக் கொடுத்தார்.

அலை சதுரமாக இருப்பதுதான் காரணம் என்று மச்சாள் எனக்குச் சொன்னார். டக்கென்று எழும்பி, டக்கென்று விழுகிற அலை தனியே வராதாம். தன்னைவிட மூன்று மடங்கு, ஐந்து மடங்கு வேகத்தில் ஓடும் குட்டிகளையும் கூட்டிக்கொண்டுதான் வருமாம். இடது ஓரத்தில் கேட்பது தாய். வலது ஓரத்தில் மெலிதாகக் கேட்பது மூன்று மடங்குக் குட்டி. பக்கத்து வீடுகளின் மலிவான றேடியோக்களுக்குத் தாயையும் குட்டியையும் பிரிக்கத் தெரியாததால் எல்லா இடத்திலும் இரைகிறது. இதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு வெட்கம் இருந்தது. சமையல் கருகிப் போனவர்களின் வெட்கம்.

பொட்டு வைத்தது அந்த நாட்களில்தான். ஒரு பின்னேரம் நான் குசினி வாசலில் இருந்து நகத்துக்குப் பூசிக்கொண்டிருந்தேன். அண்ணை றேடியோவைக் கொண்டுவந்து நீட்டினார்.

"பிள்ளை, இந்த இடத்திலை ஒரு பொட்டு வை. இருட்டுக்குள்ளை தடவித் தேடக் கஷ்டமாக் கிடக்கு."

"உது வலப்பக்கமெல்லோ? மச்சாள் இடப்பக்கமெண்டு எழுதித் தந்தவ."

"இடப்பக்கத்திலை அக்கரைப் பாட்டுக்காரன் வந்து ஏறி நிக்கிறான். என்ர றேடியோவுக்கு அவனை விலத்தத் தெரியாது. வலப்பக்கத்திலை குட்டிச் சத்தம் சின்னனாய்த் தனியாய்க் கேக்குது. எனக்கு அது காணும்."

"மச்சாளிட்டைச் சொன்னா அவ திருத்தித் தருவா தானே."

அண்ணை குரலைத் தாழ்த்தினார். "சொல்லிப்போடாதை. தான் திருத்தின றேடியோ பிழையெண்டு கேட்டால் மனிசியின்ர முகம் வாடிப்போம்."

நான் வைத்தேன். அவர் பொட்டின் மேல் ஊதி ஊதிக் காயவைத்தார். கட்டிய மனைவியின் முகம் வாடக்கூடாது என்று ஒரு ஆண் இவ்வளவு பாடுபடுகிறானே என்று எனக்குச் சிரிப்பும் பொறாமையும் வந்தன. அந்தச் சின்னப் பொய்யில் பங்கு கிடைத்தது சந்தோசமாகவும் இருந்தது.

தை மாதம் பிறந்து சில நாட்களில் விதானையார் வந்தார். எங்கள் பகுதிக்கு அரசாங்கத்தின் கண்ணும் காதும் அவர்தான். ஆனாலும் நல்ல மனுசன். கதிரையில் நுனியில் இருந்துகொண்டு, தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். "ரீச்சர், நான் ஒண்டும் கேக்கேல்லை, நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். துறையடியிலை நிக்கிற நேவிக்காரற்றை பெட்டியிலையும் விடியக் காலமை ஏதோ இரையுதாம். எங்கையிருந்து வருதெண்டு தேடப் போயினமாம். அவ்வளவுதான்." அவர் போன பிறகு மச்சாளிடம், நிறுத்திவிடுங்கள் என்று நான் சொன்னேன். "நிப்பாட்ட ஏலாது, பனிக்காலம் முடியேல்லை. சத்தத்தை ஒரு இடத்திலை மட்டும் நிக்கப்பண்ணலாம். அவங்கள் கேளாத இடத்திலை."

மறுநாள் சனிக்கிழமை. அண்ணை மத்தியானமே வலையோடு போய்விட்டார். மச்சாள் மேசையில் எல்லாவற்றையும் பரப்பிக்கொண்டு இருந்தார். கடதாசிக் குழலில் செப்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றினார். பழைய றேடியோவிலிருந்து கழற்றிய, தகடு தகடாய்த் திறந்து மூடுகிற கண்டன்சரை அதன் இரு முனைகளிலும் ஒட்டினார். நான் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்தேன். அன்றைக்கு அவருக்கு நல்ல குஷி.

"ஊஞ்சலை ஒராள் தடியாலை அடிச்சு ஆட்டுறார் எண்டு வையும். அடி டக்கு டக்கெண்டுதான் விழும். ஆனால் ஊஞ்சல் தன்ரபாட்டுக்கு வளைஞ்சு போய் வளைஞ்சு வரும். என்ர சதுர அலை அந்த அடி. இந்தச் சுருளும் கண்டன்சரும் ஊஞ்சல். அடியை வாங்கிக்கொண்டு ஆட்டத்தை மட்டும் வெளியிலை விடும். சைன் அலை எண்டுறது அதுதான். குட்டி ஒண்டும் கூட வராது."

பின்னேரம் அதைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, என்னிடம் றேடியோ ஒன்றைத் தந்து தெருவால் நடக்கச் சொன்னார். நான் ஊசியை இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்குத் திருகிக்கொண்டு போனேன். இடது ஓரத்தில் குழல் ஊதுவது போல ஒரே தொனி. வேறெங்கும் இல்லை. வலது ஓரத்துக்கு ஊசி வந்தபோது, திருகியைப் பிடித்திருந்த என்னுடைய சிவந்த நகம் கண்ணில் பட்டது. ஒரு கணம் அண்ணையின் பொட்டு நினைவுக்கு வந்தது. வந்ததை நான் மறைக்கப்போவதில்லை. அப்போது அந்தோனியார் கோயில் பக்கமிருந்து சிநேகிதி ஒருத்தி கூப்பிட்டாள், நின்று கதைத்தேன். திரும்பி வந்தபோது மச்சாள் வாசலிலேயே நின்று, "என்ன, இடப்பக்கம் தவிர ஒண்டும் கேக்கேல்லைத் தானே? உம்மட அண்ணை வரட்டும், ஆச்சரியப்படுவர்" என்றார். அந்த முகத்தைப் பார்த்து நான் "ஒண்டுமே கேக்கேல்லை மச்சாள்" என்றேன்.

ஞாயிறு விடிந்தது என்று சொல்ல முடியாது. வெளியே வந்தால் முற்றத்துப் பனை தெரியவில்லை. துறையில் நின்றவர்களின் கால்கள் தெரிந்தன, தலைகள் தெரியவில்லை. மச்சாள் வீட்டில் இயந்திரத்தோடு இருந்தார். நான் கரைக்குப் போனேன். முதலில் ஒரு வள்ளம் பனிக்குள்ளிருந்து மூக்கை நீட்டியது, பிறகு இன்னொன்று. "ரீச்சரிட்டைச் சொல்லு பிள்ளை, இண்டைக்குத் தேன்மாதிரி, நூல் பிடிச்சமாதிரி வந்து சேர்ந்தம்" என்றார்கள். அண்ணையின் எஞ்சின் சத்தமும் கேட்டது. அவருடைய எஞ்சின் மூன்றாவது துடிப்பில் ஒருமுறை விக்கும், ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். வடக்கேயிருந்து வந்தது. துறைக்கு நேரே வந்தது. நிற்காமல் தெற்கே போனது.

நாங்கள் கத்தினோம். தகரம் தட்டினார்கள். கோயில் மணியை விடாமல் அடிக்கச் சொன்னார்கள். எஞ்சின் போடுகிறவனுக்கு இதொன்றும் கேட்காது. எஞ்சின் நின்றது. இப்போது கேட்கும் என்று எல்லாரும் ஒரே குரலாய்க் கூப்பிட்டார்கள். பனிக்குள் குரல் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லமுடியாது. கொஞ்ச நேரம் கழித்து எஞ்சின் மறுபடி தொடங்கி, வட்டமாய்ப் போய், மறுபடி நின்றது. இரண்டு வள்ளங்கள் தேடிப் போயின. அவர்களும் அவருடைய சத்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்களே தவிர ஆளைக் காணவில்லை. நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ எஞ்சின் நின்றபோது, அந்த அமைதிக்குள் அண்ணை என்ன செய்துகொண்டிருப்பார் என்பது எனக்குக் கண்ணால் கண்டது போலத் தெரிந்தது. றேடியோவைக் காதோடு வைத்து மெல்ல மெல்லத் திருப்புவார். ஊசி பொட்டுக்கு நேரே நிற்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றும் கேளாது. சத்தம் செத்த பக்கம்தானே கரை? அவருக்கு அன்றைக்கு எல்லாப் பக்கமும் செத்திருந்தது.

நான் வீட்டுக்கு ஓடினேன். அந்த ஓட்டத்தில் கல்வேலியில் மோதிய வடு இன்னும் முழங்காலில் இருக்கிறது.

"மச்சாள், அண்ணை வலப்பக்கம்தான் கேக்கிறவர்! இடப்பக்கம் அவருக்குக் கேளாது. நான் பொட்டு வைச்சுக் குடுத்தனான்."

மச்சாள் என்னைப் பார்த்தார். "உமக்குத் தெரியுமோ?" என்றார். அவ்வளவுதான். பிறகு ஈயக் கோலைத் தேடாமல், சுருளை வெறும் கையால் பிடித்துப் பிய்த்து எறிந்தார். விரலில் கம்பி வெட்டி இரத்தம் வந்தது. மேசையில் இருந்த றேடியோ வலது ஓரத்தில் பழையபடி முனகியது. அயல் வீடுகளிலும் முனகல் எழுந்தது. இருவரும் கரைக்கு ஓடினோம்.

எஞ்சின் தொடங்கியது. கரையில் நின்றவர்கள் "மாதாவே" என்று ஆரவாரித்தார்கள். இந்த முறை அது வட்டமிடவில்லை. தடுமாறவில்லை. வழி தெரிந்த ஒருவன் வீட்டுக்குப் போகிற மாதிரி ஒரே நேராய், ஒரே வேகமாய்ப் போனது. விக்கல் ஒவ்வொன்றும் தெளிவாய்க் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஆரவாரம் அடங்கியது. சத்தம் கிட்ட வரவில்லை. முன்னுக்கும் சாகும், பின்னுக்கும் சாகும் என்று அவர் எனக்குச் சொன்னது நினைவு வந்தபோது மச்சாளின் கை என் கையைப் பிடித்திருந்தது. அந்தக் கை ஈரமாய் இருந்தது. சத்தம் சின்னதாகி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி ஆகி, பிறகு இல்லாமல் போனது. ஒன்பது மணிக்குப் பனி விலகியபோது கடல் வெளிச்சமாய் வெறுமையாய்க் கிடந்தது.

மூன்றாம் நாள் தெற்கே ஒரு மணல் திட்டில் வள்ளம் கிடந்தது. எண்ணெய்த் தாங்கி வறண்டிருந்தது. ஆள் இல்லை. றேடியோ முன் பலகையில் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. ஒரு முனை வள்ளத்தின் மூக்கையும் மறு முனை பின்பக்கத்தையும் பார்க்க, ஊசி சிவப்புப் பொட்டுக்கு நேரே, சத்தத் திருகி முழுதாய்த் திறந்து, பற்றறி செத்து. சத்தம் குறையக் குறையப் பற்றறிதான் முடிகிறது என்று நினைத்திருப்பார். நேவி சுட்டுவிட்டது என்று ஊர் பேசியது. அந்த நாட்களில் அப்படிப் பேச ஊருக்கு நியாயம் இருந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. மச்சாளும் பேசவில்லை. உடல் இல்லாமலே பூசை வைத்தோம்.

மச்சாள் சுருளை மறுபடி சுற்றவில்லை. அடுத்த நாள் விடியவே சதுர அலையை அப்படியே இயக்கினார். அதற்குப் பிறகு நாலு வருடம், பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒருநாளும் தவறவில்லை. காலைச் செபத்துக்குள் அது முனகியது, செய்திக்குள் முனகியது. ஊரில் இப்போது எல்லாருக்கும் விசயம் தெரியும். ஒரு வீட்டிலிருந்துகூட முறைப்பாடு வரவில்லை. விதானையாரும் வரவில்லை. தெற்குத் தெருப் பெண் தன் றேடியோவுக்கு முன்னால் வைக்கும் தேத்தண்ணியை இரண்டு கோப்பையாக்கினாள். நாங்கள் தீவை விட்டு வெளிக்கிட்ட நாளில் மச்சாள் இயந்திரத்தை நிறுத்தாமல், பற்றறி இருக்கிறவரைக்கும் ஓடட்டும் என்று விட்டுவிட்டு வந்து படகில் ஏறினார்.

இப்போது மச்சாளுக்கு எழுபது தாண்டிவிட்டது. என்னோடுதான் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். போன தையில் ஒரு காலை, யன்னலுக்கு வெளியே பனி நின்றது. "அந்த றேடியோவை ஒருக்கா எடும்" என்றார். புதுப் பற்றறி போட்டு, ஊசியைப் பொட்டுக்கு நேரே கொண்டுவந்தேன். "ங்ங்ங்" என்றது. நான் திரும்பி மச்சாளைப் பார்த்தேன். மச்சாள் அசையவில்லை.

"பக்கத்து வீட்டுப் போன் சார்ச்சர். இப்ப வீட்டுக்கு வீடு சதுர அலைதான். சுருள் சுத்த ஆருக்கும் நேரமில்லை."

ஏனோ அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "மச்சாள், நான் அண்டைக்குப் பின்னேரமே சொல்லியிருந்தால்?"

அவர் உடனே பதில் சொன்னார். எத்தனையோ வருடமாய்க் கையில் வைத்திருந்த பதில்போல் இருந்தது. "நான் நம்பியிருக்கமாட்டன். நான் திருத்தின றேடியோ, எப்பிடிப் பிழைக்கும் எண்டுதான் சொல்லியிருப்பன்." சொல்லிவிட்டு என் நகங்களைப் பார்த்தார். நான் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒருநாளும் பூச்சுப் பூசியதில்லை.

அந்த நேரம் கரண்ட் போனது. மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி ஓய்ந்தது, தெரு முழுக்க ஓய்ந்தது. றேடியோ முனகிக்கொண்டிருந்தது. யாராவது பற்றறியில் விளக்கு வைத்திருக்கலாம். நான் போய் விசாரிக்கவில்லை. மச்சாள் றேடியோவை என் கையிலிருந்து வாங்கி, மெல்ல மெல்லத் திருப்பினார். சத்தம் குறைந்து, குறைந்து, ஓரிடத்தில் செத்தது. ஒரு முனை யன்னலைப் பார்த்தது, மற்ற முனை எங்கள் வாசற்கதவைப் பார்த்தது. அவர் முதலில் யன்னலைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் கதவைப் பார்த்தார். பொட்டு எங்களுக்குத் தெரியும்படி றேடியோவை அலுமாரியின் மேல் திருப்பி வைத்தார். நிறுத்தவில்லை. கதவைத் திறந்துவிடும்படி என்னிடம் சொன்னார், திறந்துவிட்டேன். பற்றறி பின்னேரம் வரைக்கும் தாங்கியது.